வீட்டிற்கு ஒரு வால்வு ஆம்ப்ளிபயர்

இசைத்தட்டுகளின் மீதும் அவற்றைப் பாட வைக்கும் பழைய சாதனங்களின் மீதும் இளைஞர்களிடையே அண்மைக் காலத்தில் ஒரு புதிய ஆர்வம் பிறந்திருக்கிறது. என்னிடம் பள்ளியில் பயின்று இப்பொழுது கல்லூரிகளிலே படிப்பவர்களும், உத்தியோகம் பார்ப்பவர்களும் சில சமயங்களில் வீடு தேடி வந்து, "ஸார், வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். எந்தக் கம்பெனியுடையது நல்லது?" என்று கேட்கிறார்கள். அதற்கு விடை சொல்லாமல் வேறொரு கேள்வியைத் திருப்பிக் கேட்பது என் வழக்கம்: "உன்னிடம் இருக்கும் ஸ்பீக்கர் எது?" கம்பெனியின் பெயர் கடைசியில் வரவேண்டியது; ஸ்பீக்கரோ முதலில் வரவேண்டியது. அஃது ஏன் என்பதையும், அவ்வாறு தேர்ந்தெடுத்த கருவியைப் பொருளுக்கும் உயிருக்கும் கேடின்றி எங்ஙனம் வைத்துக்கொள்வது என்பதையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தை நீக்கிவிடுவோம். திருமணப் பந்தலிலும் மேடையிலும் கட்டப்படும் கூம்பை நாம் ஒலிபெருக்கி என்கிறோம். உண்மையில் அது ஒன்றையும் பெருக்குவதில்லை. தனக்கு வந்து சேரும் மின்சாரத்தை ஒலியாக மாற்றித் தருகிறது, அவ்வளவே. பெருக்கும் தொழில் ஆம்ப்ளிபயருக்கு உரியது. இசைத்தட்டின் ஊசியிலிருந்து வரும் மின்குறிப்பு மிக நலிந்தது. அதன் உருவம் மாறாமல் வலிமையை மட்டும் கூட்டி, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை அசைக்கும் அளவுக்குக் கொண்டுவருவதே ஆம்ப்ளிபயரின் வேலை.

இந்த வேலையைச் செய்யும் வால்வு, காற்று முற்றிலும் நீக்கப்பட்ட ஒரு கண்ணாடிக் குமிழ். அதன் நடுவே காதோடு என்னும் மெல்லிய குழல் நிற்கிறது. அதனுள் ஓடும் இழையொன்று சூடேறி, குழலை மங்கிய செந்நிறமாகக் கனலச் செய்கிறது. குழலின் மீது பூசப்பட்டுள்ள பேரியம், ஸ்ட்ராண்டியம் ஆகியவற்றின் ஆக்ஸைடுகளிலிருந்து எலெக்ட்ரான்கள் கூட்டமாக வெளிப்படுகின்றன. சுற்றிலும் இருக்கும் பிளேட் என்னும் தகட்டுக்கு முந்நூறு வோல்ட் அளவில் நேர்மின்னழுத்தம் தரப்பட்டிருப்பதால், எலெக்ட்ரான்கள் அதனை நோக்கி விரைகின்றன. இடையில் கிரிட் என்னும் கம்பிவலை ஒன்று இருக்கிறது. மதகின் பலகையைச் சிறிதளவு ஏற்றி இறக்கினால் வாய்க்காலில் ஓடும் வெள்ளம் பெரிதும் கூடிக் குறைவதைப் பார்த்திருக்கிறீர்கள் அன்றோ? கிரிட்டில் தோன்றும் சிறிய மின்னழுத்த மாறுதலும் பிளேட்டுக்குப் பாயும் பெரிய மின்னோட்டத்தை அவ்வாறே ஆட்டிவைக்கிறது. கிரிட் இல்லாத இருமுனை வால்வை 1904-இல் இங்கிலாந்தில் ஃபிளெமிங் ஆக்கினார். கிரிட்டை நுழைத்து அதனைப் பெருக்கும் கருவியாக்கியவர் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட், ஆண்டு 1906. 1947-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்ஸிஸ்டர், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் வீட்டுச் சாதனங்களிலிருந்து வால்வைப் பெரும்பாலும் துரத்திவிட்டது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம்கூட ஒரு காலத்தில் ரேடியோ வால்வுகள் செய்ததுண்டு. இன்று ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா முதலிய சில நாடுகளிலேதான் இவை புதிதாகச் செய்யப்படுகின்றன.

எல்லா வகைகளையும் பற்றிப் பேசப் புகுந்தால் நேரம் போதாது. ஆதலின் ஒரு குறிப்பிட்ட கருவியை எடுத்துக்கொள்வோம். 1954-இல் இங்கிலாந்தின் மல்லார்டு கம்பெனியார், வீட்டில் அமர்ந்து தாமே கட்டிக்கொள்ள விரும்புவோருக்காக ஓர் அமைப்பை வெளியிட்டார்கள். ஐந்து வால்வுகள், பத்து வாட் சக்தி. ஆகையால் அதற்கு 'ஐந்து-பத்து' என்றே பெயர். நுழைவாயிலில் ஈ.எஃப். 86 ஒன்று, ஒரு குறிப்பை நேர், எதிர் என இரண்டாகப் பிரித்துத் தர ஈ.ஸி.ஸி. 83 ஒன்று, சக்தி தருவதற்கு ஈ.எல். 84 இரண்டு, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்க ஒரு ரெக்டிபயர் வால்வு. கடைசி இரண்டு ஈ.எல். 84-களும், ஒரு மரத்தை அறுக்கும் இருவர் வாளை மாறி மாறி இழுப்பதுபோல் வேலை செய்கின்றன. இதனையே புஷ்-புல் என்பர். அக்காலத்தில் பலர் இதைக் கட்டினார்கள். இன்று விற்கப்படும் எளிய வால்வு ஆம்ப்ளிபயர்கள் பலவும் ஏறக்குறைய இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

பத்து வாட் என்றதும் மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். கைக்கு அடக்கமான பெட்டியின் மீதே நூறு வாட் என்று அச்சிட்டிருக்கும்போது, இத்தனை பெரிய கருவி பத்து வாட்தானா என்பது அவர்கள் ஐயம். இங்கேதான் ஸ்பீக்கர் குறுக்கே வருகிறது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உணர்திறன் என்று ஒன்று உண்டு. ஒரு வாட் சக்தி கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் எத்தனை டெசிபெல் ஒலி கிடைக்கிறது என்பதே அது. ஒரு ஸ்பீக்கருக்கு 85 டெசிபெல், மற்றொன்றுக்கு 95 டெசிபெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறுபாடு 10 டெசிபெல். 10 டெசிபெல் என்றால் சக்தியில் பத்து மடங்கு. ஆகவே 95 டெசிபெல் ஸ்பீக்கருடன் பத்து வாட் ஆம்ப்ளிபயர் எழுப்பும் ஒலியை, 85 டெசிபெல் ஸ்பீக்கரிலிருந்து பெறுவதற்கு நூறு வாட் வேண்டும். நம் செவிக்கோ அந்தப் பத்து மடங்கு, ஏறத்தாழ இரண்டு மடங்கு உரத்ததாக மட்டுமே தோன்றும். வால்வு ஆம்ப்ளிபயரில் ஒவ்வொரு வாட்டுக்கும் விலை அதிகம். ஆதலின், உணர்திறன் குறைந்த ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு பெரிய ஆம்ப்ளிபயரைத் தேடுவதைக் காட்டிலும், உணர்திறன் மிகுந்த ஸ்பீக்கரை வாங்கிச் சிறிய ஆம்ப்ளிபயரோடு நிறுத்திக்கொள்வதே சிக்கனம். நடுத்தர வீட்டின் கூடத்தில் வீணைக் கச்சேரி ஒன்றை அமைதியாகக் கேட்கும்போது, பெரும்பாலான நேரம் செலவாவது ஒரு வாட்டிலும் குறைவே. மீதி ஒன்பது வாட்டும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் முழங்கும் கணங்களுக்காகக் காத்திருப்பவை.

அடுத்துப் பார்க்கவேண்டியது வெளிவாயில் டிரான்ஸ்பார்மர். கடைக்காரர் வால்வுகளின் அழகைக் காட்டுவார். நீங்கள் கருவியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருக்கவேண்டும். காரணம் யாது? இரண்டு ஈ.எல். 84 வால்வுகள், தம் முன்னே ஏறத்தாழ 8,000 ஓம் மின்தடை இருப்பதாகக் கண்டால்தான் நன்கு உழைக்கும். நம் ஸ்பீக்கருக்கோ 8 ஓம்தான். இரண்டுக்கும் விகிதம் ஆயிரத்துக்கு ஒன்று. டிரான்ஸ்பார்மர், சுற்றுகளின் விகிதத்தினுடைய வர்க்கப்படி மின்தடையை மாற்றிக்காட்டும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆயிரத்தின் வர்க்கமூலம் ஏறக்குறைய 31.6. ஆகையால் முதற்சுருளில் 316 சுற்று இருந்தால் இரண்டாம் சுருளில் 10 சுற்று என்ற கணக்கில் சுற்றவேண்டும். இவ்வளவோடு முடிந்தால் எளிது. ஆனால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி போன்ற தாழ்ந்த அதிர்வுகள் சிதையாமல் கடந்து செல்ல, உள்ளே போதிய இரும்பு வேண்டும். புல்லாங்குழலின் உயர்ந்த அதிர்வுகள் மங்காதிருக்க, சுருள்களைப் பல அடுக்குகளாகப் பிரித்து ஒன்றனுள் ஒன்றாகக் கோத்துச் சுற்றவேண்டும். இரண்டுக்கும் பணமும் உழைப்பும் செலவாகும். மலிவான கருவிகளில் முதலில் கை வைக்கப்படும் இடம் இதுதான். வால்வு கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். மோசமான டிரான்ஸ்பார்மரை வாங்கியவன் அதனோடுதான் வாழவேண்டும்.

வால்வின் ஒலி இனிமையானது, டிரான்ஸிஸ்டரின் ஒலி வறண்டது என்று ஒரு பேச்சு உலவுகிறது. அளந்து பார்த்தால், இன்றைய நல்ல டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிபயர், குறைந்த விலையிலேயே, வால்வைவிட உருத்திரிபு குறைவாகப் பெருக்குகிறது என்பதே உண்மை. ஆனால் வால்வு சேர்க்கும் திரிபின் இயல்பு வேறு. ஒரே வால்வு தனித்து உழைக்கும் ஆம்ப்ளிபயரில் மிகுதியாகத் தோன்றுவது இரண்டாம் ஹார்மோனிக். அஃதாவது மூல சுரத்தின் மேல் ஸ்தாயிச் சுரமே. ஸட்ஜமத்தோடு மேல் ஸட்ஜமம் சிறிது கலந்தால் செவிக்கு உறுத்தாது. புஷ்-புல் அமைப்பில் இந்த இரட்டைப்படைத் திரிபுகள் ஒன்றையொன்று பெரிதும் அழித்துக்கொள்கின்றன. எஞ்சுவதில் முதன்மையானது மூன்றாம் ஹார்மோனிக், மேல் ஸ்தாயிப் பஞ்சமம். அதுவும் சுருதிக்குப் பகையன்று. சக்தியின் எல்லையை மீறும்போதும் சாதாரண வால்வுக் கருவி சட்டென்று உடையாமல் சற்றுக் குழைந்து கொடுக்கும். இந்தக் குழைவை விரும்பி வாங்குவதில் தவறில்லை. துல்லியம் என்று நம்பி வாங்குவதுதான் கூடாது. கயிற்றைப் போலத் தடித்த கம்பியையும் தங்கமுலாம் பூசிய செருகியையும் ஆம்ப்ளிபயரின் விலைக்கே விற்க முன்வருவோரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வணக்கம் செலுத்திவிட்டு வந்துவிடலாம்.

இனி, புதியது வாங்குவதா, பழையது வாங்குவதா என்ற கேள்வி. பழையது என்றால் நான் மிகவும் எச்சரிக்கையாகவே பேசுவேன். முதலில், அதில் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் இருக்கிறதா என்று பாருங்கள். ஏ.ஸி., டி.ஸி. இரண்டிலும் ஓடும்படி செய்யப்பட்ட பழைய ரேடியோக்களிலும் இசைத்தட்டுப் பெட்டிகள் சிலவற்றிலும் அது கிடையாது. அவற்றில் மின்கம்பியின் ஒரு முனை நேராகவே இரும்புச் சட்டத்தில் இணைக்கப்பட்டிருக்கும். பிளக்கை மாற்றிச் செருகினால் சட்டம் முழுவதும் 230 வோல்ட். குமிழ்ப்பிடி கழன்ற தண்டைத் தொட்டாலே போதும். அத்தகைய கருவியை அலமாரியில் அழகுக்காக வையுங்கள், மின்சாரத்தில் செருகாதீர்கள்.

டிரான்ஸ்பார்மர் உள்ள கருவியையும் பல்லாண்டுகள் கிடந்தபின் நேராகச் செருகுதல் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர், தம் மாமா வீட்டுப் பரணில் இருந்து எடுத்த புஷ்-புல் ஆம்ப்ளிபயர் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். தூசி தட்டியாயிற்று, வால்வுகள் ஐந்தும் உடையாமல் இருக்கின்றன, போட்டுப் பார்ப்போம் ஸார் என்று அவருக்கு ஒரே அவசரம். அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்தோம். உலர்ந்த பல்லி ஒன்று. கரப்பான் அரித்த கம்பியுறைகள். ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் தடித்த செப்புக் கம்பி. யாரோ ஒரு காலத்தில் ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று அலுத்து இப்படிச் செய்திருக்கிறார். ஃபியூஸ் போவதற்குக் காரணம் இருக்குமே என்று எண்ணவில்லை. உரிய ஃபியூஸைப் போட்டு, பழைய பாணி 100 வாட் இழை விளக்கு ஒன்றைத் தொடராக இணைத்து மின்சாரம் கொடுத்தோம். கருவி நலமாயிருந்தால், வால்வு இழைகள் குளிர்ந்திருக்கும் முதல் சில விநாடிகள் விளக்கு பிரகாசமாக எரிந்து, பிறகு மங்கவேண்டும். இது மங்கவே இல்லை. உடனே நிறுத்திவிட்டோம். மின்வழங்கும் பகுதியின் எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் முற்றிலும் குறுக்கிணைந்து போயிருந்தது. விளக்கு நடுவே இல்லாமல், செப்புக் கம்பியோடு நேராகச் செருகியிருந்தால் டிரான்ஸ்பார்மர் எரிந்திருக்கும். வீட்டில் தீயும் பற்றியிருக்கக் கூடும்.

கண்டன்சர்களைப் பற்றி இன்னும் சிறிது சொல்லவேண்டும். மெழுகு பூசிய பழைய காகிதக் கண்டன்சர்கள் காலப்போக்கில் ஈரம் ஏறிக் கசியத் தொடங்கும். முன்னுள்ள வால்வின் பிளேட்டையும் ஈ.எல். 84-இன் கிரிட்டையும் இணைப்பது அத்தகைய ஒன்றாயின், கசிவின் வழியே கிரிட்டுக்கு நேர்மின்னழுத்தம் ஏறும். மதகு முழுவதும் திறந்துவிட்டது என்று பொருள். மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் பெருகி, வால்வின் தகடே செக்கச் சிவக்கும். காதோடு கனல்வது இயல்பு. தகடு சிவப்பது ஆபத்து. அதைக் கண்ட கணமே ஸ்விட்சை அணைக்கவேண்டும். பழைய கருவியில் காகிதக் கண்டன்சர்கள், எலெக்ட்ரோலிட்டிக்குகள் அனைத்தையும் புதியனவாக மாற்றிவிடுவதே நான் பரிந்துரைக்கும் வழி. சென்னை ரிச்சி தெரு போன்ற கடைவீதிகளில் இவை கிடைக்கும். மின்னழுத்த அளவு பழையதற்குக் குறையாமல் பார்த்து வாங்கவேண்டும்.

இதைச் செய்பவர் பழகிய கையாக இருக்கவேண்டும். மாணவர்கள் அருகிலிருந்து பார்த்துக் கற்கலாம். ஏனெனில், பிளக்கைக் கழற்றிய பின்னும் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். 50 மைக்ரோஃபாரட் கண்டன்சர் 320 வோல்ட்டில் நிறைந்திருந்தால், அதில் அடங்கிய ஆற்றல் ஏறத்தாழ இரண்டரை ஜூல். அது கையை உதறித் தள்ளும், சுடும். பெரிய கருவிகளில் இந்த ஆற்றல் பன்மடங்கு; உயிரையே போக்கவல்லது. 10,000 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றைக் காப்பிட்ட கம்பிகளில் கட்டி, கண்டன்சரின் இரு முனைகளிலும் வைத்தால், நேர மாறிலி அரை விநாடி. சில விநாடிகளில் காலியாகிவிடும். அதன் பிறகும் மல்டிமீட்டரால் அளந்து பார்த்தே தொடவேண்டும். கருவி ஓடும்போது உள்ளே அளக்க நேர்ந்தால் ஒரு கை சட்டைப்பையில் இருக்கட்டும். மின்சாரம் ஒரு கையில் புகுந்து மறு கையால் வெளியேறும் வழி இதயத்தின் ஊடே செல்வது. வீட்டில் மின்கசிவுக் காப்பு ஸ்விட்சு இருக்கிறதே என்று தைரியம் கொள்ளவேண்டா. டிரான்ஸ்பார்மரின் இரண்டாம் சுருளில் பிறந்து, உடல் வழியே சென்று, அதே சுருளுக்குத் திரும்பும் மின்னோட்டத்தை அந்த ஸ்விட்சு அறியாது. அதற்காக அது பயனற்றது என்று கருதவேண்டா. சட்டத்தை மூன்று முனைப் பிளக்கின் வழியே பூமியில் இணைத்திருந்தால், மெயின்ஸ் கசிவிலிருந்து அது காக்கும்.

நாள்தோறும் செய்யவேண்டிய பராமரிப்பு எளிது. வெப்பமே முதற்பகை. 'ஐந்து-பத்து' அமைப்பில் ஐந்து வால்வுகளின் இழைகளைச் சூடாக்க மட்டுமே 19 வாட் அளவில் செலவாகிறது; பிளேட்டுகளின் வெப்பம் அதற்கு மேல். ஆகையால் கருவியைச் சுற்றிலும் மேலேயும் காற்றோட்டம் வேண்டும். மூடிய அலமாரி ஆகாது. பூத்துணி விரித்தலும், மேலே இசைத்தட்டுகளை அடுக்குதலும் ஆகா. கண்டன்சரின் உட்புற வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது தொழிலறிந்தோர் கணக்கு. ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்ப்ளிபயரை ஒருபோதும் ஓட்டாதீர்கள். சுமை இல்லாத டிரான்ஸ்பார்மரில் மின்னழுத்தம் துள்ளி எழுந்து காப்பைத் துளைத்துவிடும்.

மெயின்ஸ் அளவையும் கவனிக்கவேண்டும். இழைகளுக்கு உரியது 6.3 வோல்ட். 230 வோல்ட்டுக்கு அமைத்த கருவிக்கு 253 வோல்ட் வந்தால் இழைக்கு 6.9 வோல்ட்டுக்கு மேல் ஏறி, வால்வு விரைவில் மூப்படையும். பழைய ஆங்கிலக் கருவிகளின் பின்புறம் 200, 220, 240 என்று மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு இருக்கும். நம் வீட்டில் அளந்து, அதற்கு ஏற்றதில் வைக்கவேண்டும். அழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் ஸ்டெபிலைஸர் வைப்பது நன்று.

வால்வின் உடல்நிலையை அறிய ஓம் விதியே போதும். ஈ.எல். 84-இன் காதோடில் 270 ஓம் மின்தடை இருந்து, அதன் இரு முனைகளுக்கிடையே 10 வோல்ட் காட்டினால், மின்னோட்டம் 37 மில்லி ஆம்பியர். 300 வோல்ட்டால் பெருக்கினால் 11 வாட். அந்த வால்வின் பிளேட் தாங்கும் எல்லை 12 வாட். ஆறு மாதத்திற்கு ஒரு முறை இதை அளந்து குறித்து வைத்தால், இரண்டு வால்வுகளில் ஒன்று மட்டும் தளர்வது எழுத்திலேயே தெரியும். இரண்டையும் இணையாக மாற்றுவதே முறை. சக்தி வால்வுகள் சில ஆயிரம் மணி நேரம் உழைக்கும்; முன்வரிசைச் சிறு வால்வுகள் அதைவிட நெடுங்காலம். குமிழின் உச்சியில் உள்ள வெள்ளிப்பூச்சு பால்போல் வெளுத்துவிட்டால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, அதை எறிந்துவிடலாம். கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டினாற்போல் நீலச் சாயல் தெரிந்தால் அஞ்சவேண்டா. தகடுகளின் நடுவே ஊதா நிற மூட்டம் தெரிந்தாலோ வாயு புகுந்திருக்கிறது.

இரைச்சலிலும் செய்தி உண்டு. ஸ்பீக்கரில் தாழ்ந்த 50 அதிர்வு முனகல் கேட்டால், இழைக் கம்பிகளிலோ பூமியிணைப்பிலோ குறை தேடுங்கள். அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, 100 அதிர்வில் கேட்டால், ரெக்டிபயருக்கு அடுத்த கண்டன்சர் வற்றிவிட்டது என்று ஐயுறலாம். கரகரப்புக்குப் பெரும்பாலும் காரணம் ஸாக்கெட்டுதான். கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் வால்வின் ஊசிகள் களிம்பேறும். ஆறிய பின், பிளக்கைக் கழற்றிவிட்டு, வால்வைச் சாய்க்காமல் நேராக மேலே இழுத்து எடுத்து, ஊசிகளைத் தூய்மை செய்து, மீண்டும் நேராகவே அழுத்திச் செருகவேண்டும்.

மாற்றுக்கென ஒரு ஜோடி சக்தி வால்வுகளை அட்டைப்பெட்டியிலேயே, பஞ்சோ காகிதமோ சுற்றி உலர்ந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தூசி படிந்தால் ஊசிகளின் பக்கத்தையும் அடிப்பாகத்தையும் மட்டும் துடைக்கலாம். குமிழின் மீதுள்ள எண் பல பழைய வால்வுகளில் விரல் பட்டாலே அழியும் மையால் அச்சிடப்பட்டது. எண் அழிந்த வால்வு ஈ.எல். 84-ஆ வேறொன்றா என்று பிறகு கடைக்காரரும் எளிதில் சொல்லமாட்டார்.